பிச்சி குறுக்கே போனாள்

திட்டி முடித்த கையோடு கூப்பிட்டு உட்காரவைத்துத் தலை பின்னிவிடும் என் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வருஷத் திதிக்கு எல்லோரும் நோட்டீஸ் அடிக்கிறார்களே, கறுப்புக் கட்டம் கட்டி, நாலு வரி அழுது, அதுபோல உனக்கும் ஒன்று அடிக்கவேண்டும் என்று அப்பா சொன்னார். நானே எழுதித் தருகிறேன் என்றேன். அவர் நாலு வரிதான் எதிர்பார்க்கிறார், பாவம். இதைத் தென்காசி அச்சாபீசில் கொடுத்து அடித்து, ஆய்க்குடியில் நம் தெருவில் வீட்டுக்கு ஒன்று கொடுக்கப்போகிறேன். எதிர் வீட்டுக்கு மட்டும் இரண்டு.

எதிர் வீடு அப்பாவின் தமக்கை வீடு, நமக்கு அத்தை வீடு. அத்தை மகனுக்கே உன்னைக் கட்டிக் கொடுத்தபோது, மகள் கண் முன்னாலேயே இருப்பாள் என்று அம்மா பூரித்துப்போனாள். பின்னால் நடந்ததைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தாள், கொடுத்துவைத்தவள். நான் தாலி அறுத்துவிட்டு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தபோது, தெருவைத் தாண்டினால் நீ இருக்கிறாய் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அந்தத் தெருவைத் தாண்டவும் எனக்கு நேரம் காலம் உண்டு. அந்த வீட்டிலிருந்து யாராவது வெளியே கிளம்புகிறபோது என் தலை தெரியக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு.

அதெல்லாம் இருக்கட்டும், பிச்சி எப்படி இருக்கிறாள் என்றுதானே நீ முதலில் கேட்பாய்?

உன் மடியிலேயே கிடந்து வளர்ந்த அந்த வெள்ளைப் பூனை இப்போது நம் வீட்டில் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். எதிர் வீட்டார் வயிறு எரிகிற அளவுக்கு நன்றாக இருக்கிறாள்.

காலையில் கறந்த பாலில் முதல் கிண்ணம் அவளுக்குத்தான். அதுவும் வெள்ளிக் கிண்ணம், உன் சீரோடு அங்கே போய், உனக்குப் பிறகு திரும்பி வந்த கிண்ணம். பாலைக் காய்ச்சி ஆற்றி, விரல் விட்டுப் பார்த்துத்தான் வைக்கிறேன். தினமும் பேன்சீப்பால் ரோமம் வாருகிறேன். அதை வாசலில் உட்கார்ந்துதான் செய்வேன், அத்தை தன் வாசலில் அரிசி புடைக்கிற நேரமாகப் பார்த்து. ‘என் தங்கமே, என் ராசாத்தியே’ என்று தெருவுக்கே கேட்கும்படி கொஞ்சுவேன். பிச்சிப்பூவைச் சரமாகக் கட்டி அவள் கழுத்தில் போடுவேன். நான் பூ வைக்கக் கூடாது, சரி. பூனை வைக்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? அத்தை முறத்தை ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கும்.

சாரலில் நனைந்து வந்தால் உன் பழைய பட்டுச் சேலைத் துண்டால்தான் துவட்டுகிறேன். அடுப்படியில் அதுதான் அவளுக்குப் படுக்கை. கார்த்திகையில் முன்னங்காலில் முள் ஏறி வீங்கிவிட்டது. முள்ளை எடுத்து மஞ்சள் பற்றுப் போட்டு மூன்று நாள் மடியைவிட்டு இறக்காமல் வைத்திருந்தேன். அதை அத்தைக்குக் காட்டவில்லை. அது உனக்காகச் செய்தது.

மீன் விஷயத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். அமாவாசைக்கு வெங்காயம்கூட உரிக்காத நம் சைவ வீட்டுக்குப் பின்வாசல் வழியாக மீன்கார இசக்கி வந்துபோகிறாள். குளத்து அயிரையும் கெண்டையும் இலையில் சுருட்டிக் கொண்டுவருகிறாள். முதல் தடவை இலையைப் பிரித்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இப்போது கண்ணை மூடிக்கொண்டே முள் எடுத்துவிடுவேன். ஒருநாள் அப்பா பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டு, “என்னம்மா, கவிச்சி அடிக்கி?” என்று கேட்டார். “எதுத்த வீட்டுலேருந்து வருதுப்பா” என்றேன். தன் தமக்கை வீட்டைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். நீ போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிள்ளை இல்லாதவள் பூனையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவிடுகிறேன்.

உனக்குக் குளிர்காய்ச்சல் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. கஷாயமும் விபூதியும் கேட்கவில்லை. தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று ஒருவழியாக முடிவு செய்து, அப்பாவிடம் நல்ல நேரம் கேட்டு அனுப்பினார்கள். ஊரில் யார் எங்கே கிளம்பினாலும் அப்பாவின் பஞ்சாங்கம்தானே? திங்கட்கிழமை காலை என்று அவரும் சொன்னார். அத்தை வீட்டு வண்டிக்காரன் சுடலை வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து வண்டியை நிறுத்தினான். உன்னைத் தூக்கிவந்து படுக்கவைத்தார்கள். மாடு தலையை ஆட்டியதும் மணி குலுங்கியது. உன்னைத் தேடிக்கொண்டு உள்ளேயிருந்து ஓடிவந்த பிச்சி மாட்டுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தாள்.

“நிறுத்துலே சுடலை! சகுனத்தடை. இன்னைக்கிப் போவாண்டாம்” என்றாள் அத்தை.

உன் புருஷன் வண்டியின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் நம் வாசலிலிருந்து, “அத்தான், கூட்டிட்டுப் போங்க, அவளுக்கு நெனவு தப்புது” என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல், “அம்மா சொல்லுதால்லா, நாளைக்குப் பாப்போம்” என்றார். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, ஆகாது என்று அத்தை புதன்கிழமைக்கு மாற்றினாள். புதன்கிழமைக்கு நீ இல்லை.

அன்று நான் வாசலோடு நின்றுவிட்டேன் அக்கா. இறங்கி வந்து மாட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கலாம். கிளம்புகிற வண்டிக்கு எதிரே என் தலை தெரிந்தால் உனக்கு ஆகாதோ என்று நானும்தான் பயந்தேன். அத்தையைத் திட்டுகிற வாயால் இதையும் சொல்லிவிடவேண்டும்.

உன்னைக் கிடத்தியிருந்தபோது அத்தை மாரில் அடித்துக்கொண்டு என்ன சொல்லி அழுதாள் தெரியுமா? “அந்த மூதேவிப் பூனைல்லா எம் மருமவளக் கொன்னுட்டு!” வந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அப்பாவும் சேர்ந்து ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அத்தை பிச்சியைச் சாக்கில் போட்டுக் கட்டி, குற்றாலத்தில் கொண்டுபோய் விடச்சொல்லிச் சுடலையிடம் கொடுத்தாள். திசை மறக்கும்படி சாக்கை மூன்று தரம் சுற்றச் சொல்லியிருக்கிறாள். ஐந்தருவிக்குப் போகிற பாதையில் அவிழ்த்துவிட்டதாகச் சுடலை என்னிடம் வந்து சொல்லி, “பாவம் யம்மா, சாக்க அவுத்த பெறவும் எங் காலயே சுத்திச்சு” என்று துண்டால் கண்ணைத் துடைத்தான். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் பிச்சி திரும்பி வந்தாள். உள்ளங்கால் எல்லாம் கிழிந்து, எலும்பும் தோலுமாக வந்தாள். தென்காசியையும் தாண்டி, சிற்றாற்றையும் தாண்டி எப்படி வந்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் வளர்ந்த வீடு எதிர் வீடுதானே? அங்கே ஏன் போகவில்லை? நேரே நம் வாசலில் ஏறி, என் காலடியில் விழுந்தாள். அப்போதுதான் கறுவிக்கொண்டேன்.

நீ போய் நாலு மாதம்கூடச் சரியாக முடியவில்லை, உன் புருஷனுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கினார்கள். முதலில் வடகரையில் ஒரு பெண். நல்ல நேரம் கேட்டு ஆள் எங்கே வரும்? அப்பாவிடம்தான் வரும். அப்பா சொல்லச் சொல்ல, உள்ளே உளுந்து புடைத்துக்கொண்டே நானும் கேட்டுக்கொண்டேன்.

எதிர் வீட்டுக்குப் பக்கத்தில் காலிமனை இருக்கிறதல்லவா, அங்கே கிடக்கிற துவைகல்மேல், நான் சொல்லியனுப்புகிற நாளில் இசக்கி வந்து மீன் வைப்பாள். பின்சந்து வழியாக வருவாள், யார் கண்ணிலும் படாமல் போய்விடுவாள். எதிர் வீட்டு மாட்டு மணி குலுங்குகிறபோது நான் நம் கதவைத் திறப்பேன். பிச்சி தெருவைத் தாண்டி ஓடுவாள். வயலுக்கும் சந்தைக்கும் வண்டி கிளம்புகிற நாட்களிலேயே, வண்டி தெருமுனை திரும்பினதும் கதவைத் திறந்துவிட்டு அவளைப் பழக்கிவைத்திருந்தேன். மணிச்சத்தம் கேட்டால் கல்மேல் மீன் இருக்கும் என்று பத்தே நாளில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

வடகரைக்குப் புறப்பட்ட அன்று வெள்ளை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக உன் புருஷன் வண்டியில் ஏறினார். மணி குலுங்கியது. பிச்சி போனாள். அவரும் அத்தையும் இறங்கி, உள்ளே போய், தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஏறினார்கள். சகுனத்தடை வந்தால் தண்ணீர் குடித்து உட்கார்ந்துவிட்டு மறுபடி கிளம்பலாம் என்று பெண் பார்க்கப் போகும்போது அத்தைக்கு ஞாபகம் வந்தது. உன்னை வண்டியில் கிடத்தியிருந்தபோது ஏன் வரவில்லை? அதைப் பார்த்ததும் என் உடம்பெல்லாம் தீப்பிடித்தது. அதற்குள் பிச்சி மீனைத் தின்றுவிட்டு, வாயை நக்கிக்கொண்டு சாவகாசமாகத் திரும்பி வந்தாள். மறுபடியும் குறுக்கே. பயணம் நின்றுபோனது.

தையில் சுந்தரபாண்டியபுரத்துப் பெண். அதுவும் அப்படியே நின்றது. சித்திரை விசுவுக்குக் குற்றாலம் கோயிலுக்கு வருகிறோம், அங்கேயே பெண்ணைக் காட்டுகிறோம் என்று மூன்றாவதாக ஒரு வீட்டார் சொல்லியனுப்பினார்கள். பெண் வீட்டார் அருவியில் குளித்து, ஈரம் காய்ந்து, சாமி கும்பிட்டு, வழியைப் பார்த்துப் பார்த்து வீடு திரும்பினார்களாம். இங்கே அத்தை வாசலில் நின்று என்னையும் பிச்சியையும் சேர்த்துக் கரித்துக்கொட்டினாள்.

“பூனைய அடக்கி வையிட்டி! குடி கெடுக்கவே வளக்கியா!”

“அது என்ன செய்யும் அத்தை, வாயில்லா சீவன். நீங்கதான் வழியப் பாத்துப் போகணும்” என்றேன், பிச்சியின் காதைத் தடவிக்கொண்டே.

நீ இருந்திருந்தால், “போதும்ட்டி, விடு” என்று சொல்லியிருப்பாயோ? சொன்னாலும் கேட்டிருக்கமாட்டேன். அந்த மூன்று பெண்களும் எங்கேயோ நன்றாக இருக்கட்டும்.

இந்த வைகாசியில் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. அதே குளிர், அதே உதறல். தெருவில் எல்லோரும் எதிர் வீட்டுக்குப் போய் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார்கள். பொய் சொல்லமாட்டேன் அக்கா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிச்சிக்கு அன்று பாலில் வெல்லம் கரைத்து வைத்தேன்.

ஐந்தாம் நாள் அப்பாவிடம் நேரம் கேட்டு வந்தார்கள், தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போக. நான் இசக்கிக்குச் சொல்லியனுப்பவில்லை. கல்மேல் மீனும் இல்லை. ஆனால் கதவு திறந்துதான் கிடந்தது. மணி குலுங்கியது, பழகின பழக்கம், பிச்சி எழுந்து ஓடினாள். வெறுங்கல்லை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, நடுத்தெருவில், மாட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்து காலை நக்கத் தொடங்கினாள்.

வைக்கோல்மேல் கிடந்த அத்தை தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஏலே... திருப்புலே வண்டிய” என்றாள். பல் கிட்டிக்கொண்டிருந்தது.

உன் புருஷன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “அம்மா சொல்லுதா...” என்று தொடங்கினார். சுடலை மாட்டைத் தட்டாமல் என்னைப் பார்த்தான். நான் வாசலில் நின்றேன். திருப்பட்டும் என்றுதான் நினைத்தேன். நான் எதுவும் செய்யவேண்டாம், ஒரு வார்த்தை பேசவேண்டாம், அத்தையை அத்தையே முடித்துக்கொள்வாள். இதைவிடப் பழி தீருமா? வாசலில் கொஞ்சநேரம் அந்த இனிப்பில் நின்றேன்.

அப்போது மூன்றாம் வீட்டுக்காரி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, “பாத்தியா, இந்தப் பூனை ரெண்டாவது உசுரையும் வாங்கப் போவுது” என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். அதே தலையாட்டல்.

அத்தை செத்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிச்சி இரண்டாவது கொலைகாரி ஆவாள். அத்தை சொன்னதே நிஜம் என்று ஊர் முடிவுகட்டிவிடும். உன்னை வண்டியில் ஏற்றி இறக்கிய கதையே பிறகு யாருக்கும் நினைவிருக்காது. அதற்கு நான் விடுவேனா?

தெருவில் இறங்கினேன். கிளம்புகிற வண்டிக்கு நேர் எதிரே நடந்துபோய்ப் பிச்சியைத் தூக்கினேன். வண்டியில் ஏறி அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, பூனையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“சுடலை, நீ ஓட்டு. அத்தான், ஏறுதீங்களா, நடந்து வாறீங்களா?”

“எறங்குட்டி கீழ! தாலியறுத்தவளும் பூனையும் கூட வந்தா நான் செத்துருவேன்” என்று அத்தை கையை ஆட்டினாள்.

“செத்தாப் பாப்போம் அத்தை” என்றேன்.

சுடலை வாலை முறுக்கியதில் மாடு பறந்தது. அத்தை வழியெல்லாம் முருகா முருகா என்று முனகிக்கொண்டே வந்தாள். காய்ச்சல் சூடு சுகமாக இருந்ததோ என்னவோ, பிச்சி என் மடியிலிருந்து நழுவி அவள் பாதத்தின்மேல் சுருண்டு படுத்துக்கொண்டாள். உதைக்க அத்தைக்குத் தெம்பு இல்லை. எப்போதோ இடிந்து இரண்டாகப் பிளந்தபடியே நிற்கிற தென்காசிக் கோபுரம் கண்ணில் பட்டதும் கைகூப்பினாள். தான் சாகப்போவதாக நினைத்துக் கும்பிட்டிருப்பாள்.

சாகவில்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மா குளிர்காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்தாள். மூன்றாம் நாள் குளிர் நின்றது. ஒன்பதாம் நாள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாள். பூனை குறுக்கே போயும், கைம்பெண் எதிரே வந்தும், இரண்டும் கூடவே வண்டி ஏறியும், அத்தை உயிரோடு வீடு திரும்பினாள். ஆய்க்குடித் தெருவே நின்று பார்த்தது. மூன்றாம் வீட்டுக்காரிதான் பாவம், தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

அச்சுக்கு இதுவரை போதும். இதற்குமேல் எழுதுவது உனக்கு மட்டும்.

ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். பிச்சியைச் சுடலையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், அப்பா பால் வைத்தாராம். அத்தையின் வாயைத் துடைத்து, கஞ்சி புகட்டி, கால் பிடித்துவிட்டேன். பார்த்தவர்கள், பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்றார்கள். அத்தை நாளெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறாம் நாள் சாயங்காலம், கஞ்சிக் கரண்டியைக் கையால் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

“அன்னைக்கும் இப்படிக் கொண்டுவந்திருந்தா, அவ பொழச்சிருப்பாளாட்டி?”

முந்தின நாளே இதை நான் டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன். நீ கிடந்த கிடையை முழுவதும் சொல்லிக் கேட்டேன். “நான் பார்க்காத உடம்பைப் பற்றி எப்படியம்மா சொல்வேன்? பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம்” என்றாள்.

அத்தை காத்திருந்தாள். கண் இரண்டும் குழி விழுந்து, எப்படியாவது இல்லை என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

“பொழச்சிருப்பா அத்தை” என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது வீட்டுக்கு வந்தாகிவிட்டது. உன் புருஷனுக்குப் பெண் பார்க்கிற பேச்சு அடங்கிவிட்டது, அத்தை வாயே திறப்பதில்லை. நான் தினமும் கஞ்சி கொண்டுபோகிறேன். பிச்சியும் பின்னாலேயே வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்கிறாள். யாரும் விரட்டுவதில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தரமாவது அத்தை அதையே கேட்கிறாள். இன்றைக்காவது பதில் மாறாதா என்று என் வாயைப் பார்க்கிறாள்.

அவளைச் சாகவிடமாட்டேன் அக்கா. கஞ்சிக்கும் மருந்துக்கும் ஒருநாள் குறைவைக்கமாட்டேன். நூறு வயது வரைக்கும் இருக்கவைப்பேன். அவள் எத்தனை தரம் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்வேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
கோமு